பனிக்கு மேலே பதினேழு ஆள்

ஷார்ஜா தொழில்பேட்டையில் எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் இருந்தவர்களுக்கு நான் வெள்ளிக்கிழமை போட்டோகிராஃபர். மற்ற ஆறு நாளும் ஒரு அலுமினியம் ஒர்க்‌ஷாப்பின் ஸ்டோர்கீப்பர். அதற்கு முன் ஒன்பது வருடம் மதுரையில் ஒரு நாளிதழில் வேலை பார்த்திருந்தேன். ஊரிலிருந்து வரும்போது ஒரு பழைய ஃபிலிம் கேமராவையும் கொண்டுவந்திருந்தேன். அதனால் இந்த வேலை தானாக என்னிடம் வந்து சேர்ந்தது. கேம்ப்பில் எனக்குப் பெயர் 'பேப்பரண்ணே'.

வீட்டுக்கு அனுப்பும் படத்துக்குச் சில விதிகள் இருந்தன. யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் யாரும் மீறியதில்லை. மணல் தெரியக் கூடாது. இரட்டைக் கட்டில் தெரியக் கூடாது. டியூட்டி உடுப்பு கூடவே கூடாது. பின்னணியில் நீரூற்று, புல்வெளி, கண்ணாடிக் கட்டடம் இவற்றில் ஒன்றாவது வேண்டும். கார் இருந்தால் இன்னும் நல்லது. யாருடைய கார் என்பது முக்கியமில்லை. நீர்க்கரைச் சாலையில் யாரோ நிறுத்திவிட்டுப் போன வெள்ளைக் காரின் மேல் கை ஊன்றிக்கொண்டு, "சீக்கிரம்ணே, ஓனரு வந்துருவான்" என்று உதடு அசையாமல் சொல்லியபடியே சிரித்தவர்களின் படங்கள் என்னிடம் பத்துப் பதினைந்தாவது இருக்கும். அந்தப் படங்களை மட்டும் வைத்துக்கொண்டு வளைகுடாவைப் பற்றிச் செய்தி எழுதினால், அங்கே பாலைவனம் இருக்கிறது என்ற தகவலே விடுபட்டுப் போகும்.

இந்த விதிகளில் மிகக் கறாரானவர் எங்கள் ஒர்க்‌ஷாப்பின் பிக்கப் டிரைவர். தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். என்னைவிட நான்கு வயது இளையவர். என் கட்டிலுக்கு மேல்கட்டில். துபாயில் ஏசி ஆபீஸ் ஒன்றில் மேனேஜருக்குக் கார் ஓட்டுவதாக வீட்டில் சொல்லி வைத்திருந்தார். அதில் ஓட்டுவது மட்டும் உண்மை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு, அதாவது ஊரில் ஒன்பது மணிக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, அவர் மனைவி ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். இவர் திருப்பிக் கூப்பிட வேண்டும். கூப்பிடுவதற்கு முன் எவ்வளவு அவசரமானாலும் கம்பெனி உடுப்பைக் கழற்றிவிடுவார்.

"போன்ல உடுப்பா தெரியப் போகுது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அதப் போட்டுக்கிட்டுப் பேசுனா குரலு மாறிப் போகுதுண்ணே" என்றார்.

2005 முடிந்து 2006 பிறந்த குளிர்காலம் அது. மலீஹா பக்கம் ஒரு பண்ணை வீட்டுக்கு ஜன்னல் சட்டங்களை இறக்கப் போனோம். எண்ணிக்கை சரிபார்க்க நானும் போயிருந்தேன். திரும்பும் வழியில் டிரைவர் ஒரு குறுக்குப் பாதையைப் பிடித்தார். இரண்டு பக்கமும் சரளைக்கல் சமவெளி. அங்கங்கே குடை விரித்தாற்போல் முள்மரங்கள். வேறு எதுவும் இல்லை. ஒரு வளைவு திரும்பியதும் மூன்று பாறைகள் எதிரே நின்றன.

மலை என்றால் முதலில் தரை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், பிறகு மலை வரும். இங்கே அந்த முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. தட்டையான தரை, உடனே செங்குத்தான சுவர். நடுப்பாறைதான் பெரியது. பழுப்பும் சிவப்புமாக வரிவரியாக, மேலே போகப் போகச் சற்று முன்னால் சாய்ந்து, எதையோ எட்டிப் பார்ப்பதுபோல் நின்றது. நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். வண்டி நிற்பதற்கு முன்பே நான் குதித்துவிட்டதாக டிரைவர் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். அது உண்மையாக இருக்கலாம்.

அடிவாரத்துக்குப் போய்க் கையை வைத்தேன். சொரசொரப்பாக இருந்தது. எனக்குப் பின்னால் வந்த டிரைவர் குனிந்து பார்த்து, "அண்ணே, இது சங்கு" என்றார்.

கல்லுக்குள் ஒரு சங்கு சுருண்டு கிடந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. கொஞ்சம் தள்ளி விரல் நீளத்துக்கு ஒரு சிப்பி. பார்க்கத் தெரிந்ததும் சுவர் முழுவதும் அவைதான். கடற்கரையில் வளர்ந்தவர் அவர். ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு, "இது எங்க ஊருல இருக்குற சாதி மாதிரி இருக்கு, இது இல்ல, இதுவும் இல்ல" என்று பிரித்துக்கொண்டே போனார்.

"இங்கே ஒரு காலத்துல கடல் இருந்துச்சுப்பா. பல கோடி வருஷத்துக்கு முன்னாடி."

"கடலா? அப்புறம் எங்க போச்சு?"

"போயிருச்சு."

அவர் சமவெளியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "விசா குடுக்குற கஃபீல் இல்லாம வந்திருக்கும். அதான் கேன்சல் பண்ணி அனுப்பிட்டானுக" என்றார்.

அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகளும் அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். காலை, மாலை, எதிர்வெயில், பக்கவெயில் என்று மூன்று ரோல் எடுத்தேன். தேறியவற்றை எடுத்துக்கொண்டு, துபாயிலிருந்து வந்துகொண்டிருந்த ஓர் ஆங்கில மாத இதழின் அலுவலகத்துக்குப் போனேன். அதன் ஆசிரியர் ஒரு மலையாளி. மேசையில் படங்களைச் சீட்டுக்கட்டுபோல் பரப்பினார். நிறைய நேரம் பார்த்தார்.

"கல் அழகாக இருக்கிறது" என்றார். "எவ்வளவு பெரிய கல்?"

நான் இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினேன்.

"என் வாசகர் இதைத் தேங்காய் அளவு என்றும் நினைக்கலாம், தேவாலயம் அளவு என்றும் நினைக்கலாம். பக்கத்தில் ஒரு மனிதரை நிறுத்துங்கள். சனிக்கிழமை நண்பகலுக்கு அட்டை அச்சுக்குப் போகிறது. அதற்குள் வந்தால் அட்டை உங்களுடையது. வராவிட்டால் ஒட்டகம்."

அவர் சுட்டிய இடத்தில், சுவரில், சூரிய அஸ்தமனத்துக்கு எதிரே நடந்துபோகும் ஓர் ஒட்டகத்தின் படம் தயாராக ஒட்டப்பட்டிருந்தது.

வெட்கமாக இருந்தது. மதுரையில் எத்தனை படங்களை இதே காரணம் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! படத்தில் இருப்பது என்ன, எவ்வளவு பெரியது, நிற்பவர் யார், இடமிருந்து வலமாக. இவை இல்லாத படம் செய்தி மேசைக்கு ஆகாது. என் பெயர் அச்சில் வந்து அப்போது மூன்றரை வருடம் ஆகியிருந்தது. அதைப் பெரிய துயரம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைகளில் தொங்கும் இதழ்களை அந்த மூன்றரை வருடமும் நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது அட்டையே கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நடுவில் நின்றது ஓர் ஒட்டகம்.

நானே நிற்கலாம் என்றால் கேமராவின் தானியங்கி விசை பத்து நொடிதான் தரும். நான் படமெடுக்கத் தேர்ந்திருந்த மணல்மேட்டிலிருந்து பாறை முந்நூறு மீட்டர் தூரம். கேமராவுக்குப் பக்கத்திலேயே ஆளை நிறுத்தினால் அளவு பொய்யாகிவிடும். பாறையோடு பாறையாக நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை விடிகாலையில் எழுந்து வர டிரைவரைத் தவிர வேறு ஆள் இல்லை.

"நான் நிக்க மாட்டேன்" என்றார் டிரைவர்.

இது நடந்தது கேம்ப்புக்கு எதிரே இருந்த பக்காலாவில். கீழக்கரைக்காரர் ஒருவர் நடத்திய மளிகைக் கடை. அண்ணன் என்ற முறையில் நாங்கள் அவரைக் 'காக்கா' என்போம். ஊருக்குப் பெட்டி கட்டி அனுப்பும் வேலையும் அங்கேயே நடக்கும்.

"ஏம்பா? படம் துபாய்ல வர்ற புத்தகத்துலதானே வருது. உன் வீட்டுக்கா போகுது?"

"போகும்ணே." அவர் காக்காவைக் கை காட்டினார். "இவரு எல்லாச் சாமானையும் பழைய பேப்பர்லயும் புத்தகத்துலயும் சுத்தித்தான் பெட்டி கட்டுறாரு. நாளைக்கே என் மூஞ்சி பால்பவுடர் டப்பாவச் சுத்திக்கிட்டு எங்க வீட்டு வாசல்ல போயி எறங்கும். ஏசி ஆபீஸ்னு சொல்லியிருக்கேன். பாறையில போயி நிக்கிறேன்னு தெரிஞ்சா என்னாகும்?"

"ஒண்ணும் ஆவாது. உங்க மூஞ்சியச் சுத்துனா டப்பாதான் ஒடுங்கிப் போவும்" என்றார் காக்கா, சர்க்கரையை எடை போட்டபடியே. பிறகு என்னைப் பார்த்து, "ஏங்க, உங்களுக்கு ஆளோட அளவுதானே வேணும்? மூஞ்சியில என்னாங்க அளவு இருக்கு? முதுகக் காட்டச் சொல்லுங்களேன்" என்றார்.

முதுகு என்றதும் டிரைவர் யோசித்தார். கம்பெனியின் நீல ஜாக்கெட், தொப்பி, முதுகு. இந்த மூன்றுக்கும் சம்மதம். பெயர் போடக் கூடாது. ஒத்துக்கொண்டேன்.

முந்நூறு மீட்டரில் கத்தினால் கேட்காது. அதனால் மிஸ்டு காலில் பேசுவது என்று முடிவு செய்தோம். கேம்ப்பில் பாதி விஷயம் அப்படித்தான் நடக்கும். ஒரு ரிங் என்றால் கீழே வந்துவிட்டேன், இரண்டு என்றால் சோறு வாங்கியாச்சு. எங்கள் ஏற்பாடு: ஒரு ரிங் விட்டால் இடப்பக்கம் பத்து அடி. இரண்டு விட்டால் வலப்பக்கம் பத்து அடி. மூன்று விட்டால் அசையாமல் நில். அவரும் பாறையைப் பார்த்து நிற்பார், நானும் பாறையைப் பார்த்து நிற்பேன். ஆகவே இடம் வலம் இருவருக்கும் ஒன்றே. பிழைக்கு வழியில்லாத ஏற்பாடு என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை நாங்கள் கிளம்பும்போதே மூடுபனி. முன்னால் போகும் லாரியின் பின்விளக்கு மட்டும் இரண்டு சிவப்புப் பொட்டாகத் தெரிந்தது. டிரைவர் கண்ணாடியில் மூக்கு இடிக்கும் அளவுக்கு முன்னால் குனிந்து ஓட்டினார். ஒட்டகம் அட்டையில் ஏறிவிட்டது என்றே முடிவு செய்துவிட்டேன்.

மணல்மேட்டின் உச்சிக்கு ஏறியபோது மணி ஏழு தாண்டியிருந்தது. மேட்டின் மேல் பனி இல்லை. கீழே சமவெளி முழுவதும் பனி. கல்லில் ஊற்றிய தோசை மாவுபோல் ஒரே மட்டமாக, வழவழப்பாகப் பரவி நின்றது. முள்மரங்கள் மூழ்கியிருந்தன. அதைத் துளைத்துக்கொண்டு மூன்று பாறைகளும் எழுந்து நின்றன. அடி இல்லை, தரை இல்லை. அந்தக் கடல் போகவே இல்லை, இப்போதும் அங்கேதான் இருக்கிறது என்பதுபோல் ஒரு காட்சி.

நிதானம்தான் என் குணம் என்று அதுவரை நம்பியிருந்தேன். சூரியன் எனக்குப் பின்னால் எழுந்து பாறையின் நெற்றியில் முதல் சிவப்பு விழுந்ததும் என் விரல் நிற்கவில்லை. கேமராவில் ஸ்லைடு ஃபிலிம். கழுவினால் நேரடியாகப் படமாகவே வரும் வகை, வெளிச்சம் கொஞ்சம் பிசகினாலும் மன்னிக்காது. ஒரே ஒரு ரோல், முப்பத்தாறு படம். பத்து நிமிடத்தில் இருபத்திரண்டை முடித்துவிட்டேன். எண் காட்டும் சிறு வட்டத்தைப் பார்த்தபோதுதான் சுரீர் என்றது. பதினான்கு மிச்சம். எதிலும் ஆள் இல்லை.

டிரைவர் முன்பே கிளம்பிப் போயிருந்தார். மேட்டிலிருந்து இறங்கியவர், முழங்கால், இடுப்பு, தோள், தொப்பி என்று பனிக்குள் மூழ்கி மறைந்ததை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்நேரம் பாறைக்குப் போய்ச் சேர்ந்திருப்பார். ஆனால் பனியின் மேல்மட்டம் அடிவாரத்தில் ஓர் ஆளைவிட உயரம்.

ஒரு ரிங் விட்டேன். லென்ஸ் வழியே பார்த்தேன். பனி.

இரண்டு ரிங் விட்டேன். பனி.

பாறையின் சிவப்பு ஆரஞ்சாகிக்கொண்டிருந்தது. அதன் பிறகு மஞ்சள், அதன் பிறகு வெறும் கல். பனியும் அதற்குள் கலைந்துவிடும். இரண்டும் சேர்ந்திருக்கும் நேரம் இன்னும் பத்து நிமிடம் இருந்தால் அதிகம். அவர் மேலே ஏற வேண்டும். ஆள் மட்டத்துக்குச் சற்று மேலே பாறையில் ஒரு திட்டு இருந்தது எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஏற்பாட்டில் 'மேலே' என்பதற்கு ரிங் கிடையாது. இடம் உண்டு, வலம் உண்டு, நில் உண்டு. சமவெளியில் மேலே என்ற திசையை நான் யோசிக்கவே இல்லை.

காசு போனால் போகட்டும், பேசிவிடலாம் என்று முழுதாக அழைத்தேன். ரிங் போனது. போய்க்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. தானாகத் துண்டிக்கும் வரை விட்டுப் பார்த்தேன். எடுக்கவே இல்லை.

லென்ஸில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். விரல் குளிரில் விறைத்திருந்தது. மணி ஏழரை. பனியின் விளிம்பில், நடுப்பாறையின் இடது ஓரத்தில், ஆரஞ்சு நிறத்தில் ஏதோ அசைந்தது. காற்றில் வந்து சிக்கிய பிளாஸ்டிக் பை என்று நினைத்தேன். அது இன்னும் மேலே ஏறியது. திட்டின் மேல் வந்து நின்றது. பிறகு அந்தப் பை இடது கையை இடுப்பில் வைத்துக்கொண்டது.

ஜாக்கெட் இல்லை. தொப்பி இல்லை. ஆரஞ்சுச் சட்டை. வலது கை காதோடு ஒட்டியிருந்தது. பாறைக்கு முதுகைக் காட்டி, வெயிலைப் பார்த்துத் திரும்பி, காலுக்குக் கீழே பனி அலம்ப, அவ்வளவு பெரிய சுவருக்கு முன்னால் அவ்வளவு சிறிதாக, வீட்டோடு பேசிக்கொண்டு நின்றார்.

எடுத்தேன். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று. நெடுக்காகத் திருப்பி மூன்று. அவர் தலையைச் சொறிந்தார், எடுத்தேன். சிரித்திருக்க வேண்டும், தோள் குலுங்கியது, எடுத்தேன். முப்பத்தாறு தாண்டி ஒன்று கூட வந்தது. அத்துடன் ஃபிலிமை நகர்த்தும் நெம்புகோல் இறுகிக்கொண்டது. நான் வாய்விட்டுக் கத்தினேன் என்று நினைக்கிறேன். தூரத்தில் எங்கோ ஒரு கழுதை பதில் கத்தியது.

பத்து நிமிடத்தில் பனி கந்தலாகிக் கலைந்தது. பாறை வெளிறிப்போய்ச் சாதாரணமாக நின்றது. டிரைவர் நீல ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறி வந்தார்.

"என்னண்ணே, பதினாலு ரிங் விட்டீங்க? எண்ணிக்கிட்டே நின்னேன். பதினாலுக்கு என்ன அர்த்தம்?"

"போனை எடுத்துப் பேசுன்னு அர்த்தம்."

"மிஸ்டு கால யாராச்சும் எடுப்பாங்களா?" அவர் உண்மையிலேயே திகைத்துப் போனார். "அப்புறம் வீட்டுலேருந்து ரிங் வந்துச்சு. திருப்பிக் கூப்புட்டா ரிங் போகுது, பேச்சு கேக்கல. கொஞ்சம் மேல ஏறுனேன், கேட்டுச்சு. நீங்க ஒண்ணும் அதுக்குள்ள எடுத்துறலையே?"

"எடுத்துட்டேன்."

"முதுகுதானே?"

"இல்ல."

அவர் முகம் மாறியது. நான் அவசரமாகச் சொன்னேன்: "நாளைக்குக் காலையில ஃபிலிமக் கழுவிப் பாப்போம். மூஞ்சி அடையாளம் தெரிஞ்சா குடுக்க மாட்டேன். நீயே பாரு, நீயே சொல்லு."

அவர் இறங்கிப் போய் வண்டியைக் கிளப்பினார். திரும்பி வரும் வழி முழுக்க ரேடியோவைக்கூடப் போடவில்லை. என் மடியில் அந்த ரோல் இருந்தது. அப்படி ஒரு படத்தை நான் ஒன்பது வருடப் பத்திரிகை வேலையில் எடுத்ததில்லை என்று எனக்குத் தெரியும். நாளைக் காலை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் 'வேண்டாம்' என்று ஒரு சொல் சொன்னால் அட்டை ஒட்டகத்துக்குப் போய்விடும் என்பதும் தெரியும். வாக்குக் கொடுத்தது தவறோ என்று வழியில் இரண்டு முறை நினைத்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

சனிக்கிழமை அவருக்குத் துபாயில் அல் கூஸ் பக்கம் டெலிவரி இருந்தது. நான் ஃபோர்மனிடம் அரை நாள் லீவு சொல்லி அவரோடு தொற்றிக்கொண்டேன். போகும் வழியில் ஃபிலிம் கழுவும் லேபில் முதல் ஆளாக ரோலைக் கொடுத்தோம். அவர் சாமானை இறக்கிவிட்டு வந்தபோது மணி பத்தரை தாண்டியிருந்தது. ஃபிலிம் தயாராக இருந்தது. வெளிச்சமேசையின் மேல் நீளமாக விரித்துவைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைப் படத்தின் மேல் வைத்துக் குனிந்தேன்.

இருபத்தேழாவது படம். எல்லாம் இருந்தது. வரிவரியான சுவர், அதன் மேல் விழுந்த ஆரஞ்சு வெயில், அடியில் வெள்ளை. நடுவே இன்னும் அழுத்தமான ஆரஞ்சில் ஒரு மனிதர். நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன்.

அவர் குனிந்தார். முதலில் தவறான கண்ணை மூடினார், பிறகு சரி செய்துகொண்டார். பிறகு நிமிரவே இல்லை. பின்னால் காத்திருந்த லேப்காரர் அவசரப்படுத்தி, "யல்லா பாய், யல்லா" என்றார். டிரைவர் கையை மட்டும் பின்னால் நீட்டிப் பொறு என்று காட்டினார்.

"மூஞ்சி தெரியல" என்றார் கடைசியில், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியல."

"யாருன்னே தெரியல."

"ஆமா."

"எவனோ ஒருத்தன் நிக்கிறான்." இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல எடத்துலதான் நிக்கிறான்."

"குடுக்கவா?"

"குடுங்க. மணி என்ன?"

பதினொன்று. பிக்கப்பை அவர் அன்று ஓட்டியதுபோல் அதற்கு முன்பும் பின்பும் ஓட்டியதில்லை. பதினொன்றே முக்காலுக்கு ஆசிரியரின் மேசையில் படம் இருந்தது. அவர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். எழுந்து போய்ச் சுவரிலிருந்து ஒட்டகத்தைப் பிய்த்து எடுத்தார்.

"இவர் பெயர்?" என்றார் உட்கார்ந்தபின்.

"பெயர் வேண்டாம் என்கிறார்."

'பனிக்கு மேலே எழும் பாறை. அளவுக்கு ஒரு மனிதர்' என்று குறிப்பு அச்சானது. அதன் கீழே சின்ன எழுத்தில் என் பெயர். பக்காலாவில் அந்த மாத இதழ் தொங்கியதும் நிமிர்ந்து பார்த்தேன். காக்கா வருகிற ஆளுக்கெல்லாம் அதைத் தூக்கிக் காட்டி, "யாருன்னு சொல்லுங்க பாப்போம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் பக்கத்தில் நின்று, "காக்கா, சும்மா இருங்க காக்கா" என்று கெஞ்சினார். ஆனாலும் கடையை விட்டுப் போகவில்லை. மூன்று இதழ் வாங்கினார்.

இரண்டு வாரம் கழித்து அவர் ஊருக்குப் பெட்டி கட்டினார். வழக்கமாகக் காக்கா கட்டுவார். இம்முறை தானே கட்டுகிறேன் என்றார். சோப்பு, தைலம், போர்வை. பால்பவுடர் டப்பாவை எடுத்தார். ஒரு இதழின் அட்டையைக் கிழித்து, படம் வெளிப்பக்கம் இருக்கும்படி அதைச் சுற்றினார். மடிப்பு பாறையின் மேல் விழாமல் ஒருமுறை பிரித்துத் திருப்பிச் சுற்றினார். நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். டேப்பை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பெட்டி கப்பலில் போனது. அது போய்ச் சேர்வதற்குள் குளிர் முடிந்துவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு மிஸ்டு கால் வந்தது. அவர் மேல்கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து திருப்பிக் கூப்பிட்டார். அவருடைய போனில் எதிர்முனைக் குரல் அறைக்கே கேட்கும். கீழ்க்கட்டிலில் படுத்திருந்த நான் தூங்குவதுபோல் இருந்தேன்.

"பெட்டி வந்துருச்சு" என்றது மனைவியின் குரல். "டப்பாவச் சுத்தி ஒரு படம் இருந்துச்சே."

"என்ன படம்?"

"ஒரு பாறை. அதுல ஒரு ஆளு. நான் தீவாளிக்கு எடுத்து அனுப்புன சட்டையப் போட்டுக்கிட்டு."

"அந்தச் சட்டை இங்க ஊரு பூராம் போட்டுருக்கான்."

"போட்டுருப்பான். இடுப்புல ஒரு கைய வச்சுக்கிட்டுப் போன் பேசுறவனும் ஊரு பூராம் இருக்கானா?"

மேல்கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது.

"ஒருநாளு என்ன இப்புடிக் காத்து எரையுதுன்னு கேட்டேன். ஆபீஸ் மொட்டமாடியில நிக்கிறேன்னு சொன்னீக. இதானா உங்க ஆபீஸ் மாடி?"

எதிர்க்கட்டிலில் போர்வைக்குள்ளிருந்து யாரோ சிரித்துவிட்டார்கள். அதன் பிறகு அடக்க முடியவில்லை. அறையே சிரித்தது. டிரைவரும் சிரித்தார்.

"கோவமா?" என்றார்.

"கோவத்த அப்பறம் வச்சுக்கிறேன். மொதல்ல மாடி எம்புட்டு ஒசரம்னு சொல்லுங்க. சின்னவன் படத்தப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போயிருக்கான், எங்கப்பா மலையில நிக்கிறாருன்னு. சார் ஒசரம் கேப்பாராம். சாயங்காலம் வந்ததும் அவனுக்குச் சொல்லணும்."

மேல்கட்டிலின் ஓரத்தில் ஒரு தலை தலைகீழாகத் தொங்கியது. "பேப்பரண்ணே, எம்புட்டு ஒசரம்?"

நான் எழுந்து உட்கார்ந்தேன். ஆளை நிறுத்தினேன், அட்டையில் போட்டார்கள், என் பெயர் வந்தது. உயரத்தை நானும் பார்க்கவில்லை, ஆசிரியரும் பார்க்கவில்லை. ஸ்டோரிலிருந்து கொண்டுவந்த இரும்பு ஸ்கேல் கட்டிலுக்கடியில் கிடந்தது. என் பிரதியை மடியில் வைத்து அளந்தேன். ஆள் ஒன்பது மில்லிமீட்டர். அவர் நிற்கும் திட்டிலிருந்து உச்சி வரை நூற்று ஐம்பத்து மூன்று.

"பதினேழு" என்றேன். "உன்னைப் போலப் பதினேழு ஆள்."

அவர் கட்டிலிலிருந்து இறங்கி வந்து ஸ்கேலைப் பிடுங்கித் தானும் வைத்துப் பார்த்தார். "தப்பு. இது பனிக்கு மேலதான். கீழ ரெண்டு ஆளு ஒசரம் நான் ஏறிப் போயிருக்கேன். அது இதுல எங்க இருக்கு?"

"ரெண்டு ஆள் நிச்சயமா?"

"ஏறுனது நீங்களா நானா?"

அவர் போனைக் காதில் வைத்தார். "பத்தொம்போது. என்னைய மாதிரிப் பத்தொம்போது ஆளு, ஒருத்தன் தோள்ல ஒருத்தன் ஏறி நின்னா வர்ற ஒசரம். எழுதிக்க."

"எழுதிக்கிட்டேன். அந்தப் போட்டோக்காரருகிட்டச் சொல்லுங்க, அடுத்த தடவ மொகம் தெரியிற மாதிரி எடுக்கச் சொல்லி."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு. ஆனா இப்பப் போனா பனி இருக்காதேப்பா."

"பனி எதுக்குண்ணே?" என்றார், தலையணைக்கடியில் வண்டிச் சாவியைத் தேடியபடி. "அது இல்லாட்டித்தான் பத்தொம்போதும் தெரியும்."